பாதம் கழுவும் படத்தின் முன் நின்ற சிறுவன்: கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவின் பெயரால் பள்ளிகளையும் விடுதிகளையும் தொழிற்பயிற்சி நிலையங்களையும் நடத்திவரும் துறவற சபைத் தலைவர்களுக்கும், மறைமாவட்டக் கல்விப் பொறுப்பாளர்களுக்கும், திருச்சபைகளின் கல்வி அறக்கட்டளையினருக்கும்,

வணக்கம்.

உங்களைப் போன்றோர் நடத்திய பள்ளியொன்றில் கட்டணமில்லாமல் படித்து ஆளாகி, பிறகு அத்தகைய பள்ளிகளிலேயே இருபத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்த என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று முதல் வகுப்பில் உட்கார வைத்தவர் ஓர் அருட்சகோதரி. அன்று அவர் என் வீட்டு வாசலுக்கு வராமல் இருந்திருந்தால் இந்த மடலை எழுத எனக்கு எழுத்தே தெரிந்திருக்காது. ஆகவே, வளர்ந்த பிள்ளை ஒருவன் வீட்டுப் பெரியவர்களிடம் மனம்விட்டுப் பேசுவதாக இதை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

பேச வந்தது உங்கள் சுவர்களில் இருக்கும் அடையாளங்களைப் பற்றி. சிலுவை, நல்லாயன், எரியும் விளக்கு, திறந்த வேதநூல், குஞ்சுகளுக்குத் தன் மார்பைக் கிழித்துக் கொடுக்கும் பெலிக்கன் பறவை என்று ஏதாவது ஒன்று உங்கள் நிறுவனங்களின் வாயிலிலும் சின்னத்திலும் பிள்ளைகளின் சட்டைப்பையிலும் இருக்கிறது. இவை அலங்காரமாகிவிட்டனவோ என்ற கவலை எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அந்தக் கவலை பிறந்த நாளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அறையில், அவருடைய நாற்காலிக்குப் பின்புறச் சுவரில், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவும் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. சேர்க்கைக் காலத்தில் ஒருநாள், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தாய் அழைத்து வந்திருந்தார். இரண்டு ஆண்டுகள் பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். மீண்டும் படிக்க வேண்டும் என்று அவனே கேட்டிருக்கிறான். தலைமையாசிரியர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஓரமாக நின்ற என்னிடம் அவன் மெதுவாகக் கேட்டான்: "சார், கீழே உட்கார்ந்திருக்கிறவர் அந்த வீட்டு வேலைக்காரரா?" இல்லை, அவர்தான் ஆசிரியர், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அவருடைய மாணவர்கள் என்றேன். அவன் வேறெதுவும் கேட்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில், இரண்டு ஆண்டு இடைவெளி இருப்பதால் வகுப்பின் தேர்ச்சி விகிதம் கெடும் என்று சொல்லி அவனைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். தாய் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். கதவருகே போனதும் சிறுவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், எங்களை அல்ல, அந்தப் படத்தை. அந்த அறையில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் கடனையும் சேர்த்துத்தான் இன்று எழுதுகிறேன்.

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். புழுதிப் பாதையில் நடந்து வந்தவர்களின் கால்களைக் கழுவுவது அக்காலத்தில் அடிமைகள் செய்த வேலை. அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டு மீண்டும் பந்தியில் அமர்ந்தபோதுதான், நீங்கள் என்னைப் போதகர் என்று அழைப்பது சரியே என்று இயேசு சொல்கிறார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்ட பிறகே ஆசிரியர் என்ற பெயரை அவர் தமக்கு உரியதாக ஏற்றுக்கொள்வதாக நான் வாசிக்கிறேன். அப்படியானால் கிறிஸ்தவக் கல்வியின் முதல் சின்னம் அந்த ஈரத் துண்டு என்று சொல்லலாம். எந்த நிறுவனத்தின் முத்திரையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

சின்னங்கள் எப்படிப் பிறந்தன என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்துவதைச் சட்டம் தடை செய்திருந்த காலத்தில், 1750களில், கார்க் நகரின் ஏழைச் சந்துகளில் நானோ நேகிள் என்னும் பெண்மணி தம் குடும்பத்தாருக்கும் தெரியாமல் பள்ளி தொடங்கினார். பகலில் வகுப்புகள், இரவில் நோயாளிகளையும் முதியோரையும் பார்க்கச் சந்து சந்தாக நடப்பார். இருட்டில் வழி தெரிவதற்காக அவர் கையில் ஒரு லாந்தர் இருந்தது. 1775இல் அவர் தொடங்கிய காணிக்கை அன்னை சபையின் சகோதரிகள் இன்றும் அந்த லாந்தரைத்தான் தங்கள் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். அதை யாரும் ஓவியரிடம் சொல்லி வரையச் செய்யவில்லை. அதன் கைப்பிடியில் அவருடைய விரல்களின் சூடு இருந்தது. இருட்டு இருந்த இடத்துக்கு அது போனது.

பிரான்ஸின் லவல்லா கிராமத்தில் 1817இல் மரிஸ்ட் சகோதரர்கள் சபையைத் தொடங்கிய மார்செலின் ஷம்பன்யா, முதல் சகோதரர்களுக்காகத் தம் கையாலேயே செய்ததாகச் சொல்லப்படும் மரமேசை அச்சபையினருக்கு இன்றும் பெரும் அடையாளம். ரோமில் 1551இல் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா திறந்த பள்ளியின் கதவில், இலக்கணமும் இலக்கியம் முதலான கலைகளும் கிறிஸ்தவப் போதனையும் இங்கே கற்பிக்கப்படும் என்ற அறிவிப்பின் முடிவில் "இலவசம்" என்ற சொல்லும் எழுதப்பட்டிருந்தது. அதே நகரில், திருச்சபையில் உயர் பதவி தேடி ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஜோசப் கலசான்ஸ், தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கண்ட பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, 1597இல் திரஸ்தேவரே பகுதியின் ஒரு கோயிலை ஒட்டிய அறைகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பள்ளியைத் தொடங்கினார். இவர்களில் எவரும் சின்னத்தை முடிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்கியவர்கள் அல்லர். வேலை நடந்தது, அது தன் அடையாளத்தைப் பின்னால் விட்டுச் சென்றது. இன்று நம்மிடம் அடையாளம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நற்செய்தியின் மதிப்பு பாடத்திட்டத்துக்குள்ளும் இறங்க முடியும் என்பதற்கு ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் சாட்சி. பிரான்ஸின் ரீம்ஸ் நகரப் பேராலயத்தில் வருவாய் தரும் பதவியை 1683இல் துறந்தவர். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் சொத்தைப் பசித்தவர்களுக்குப் பகிர்ந்தளித்தவர். இந்தத் தியாகத்தை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அதற்கு இணையாக அவர் செய்த இன்னொன்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. அக்காலப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் இலத்தீனில்தான் வாசிக்கப் பழகினார்கள். கூலிக்காரரின் மகனுக்கு அந்த மொழி வீட்டிலும் இல்லை, வேலையிலும் இல்லை; ஓரிரு ஆண்டுகளில் பள்ளியை விட்டுவிடப்போகிறவனுக்கு அது எதற்கும் உதவாது. லசால் தம் பள்ளிகளில் அவர்கள் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே வாசிப்பைத் தொடங்க வைத்தார். கடவுளின் வார்த்தையே இயேசுவாக மனிதரானார் என்று நாம் அறிக்கையிடுகிறோமே, அந்த விசுவாசத்துக்கு வகுப்பறையில் கிடைத்த மிக நேர்மையான மொழிபெயர்ப்பு இதுதான் என்பது என் எண்ணம். மக்களின் மொழியில் பேசியவரின் பெயரால் நடக்கும் பள்ளியில், வீட்டு மொழியில் பேசியதற்காக ஒரு பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது என்றால், வாயிலிலுள்ள சிலுவைக்கும் உள்ளே நடப்பதற்கும் இடையே ஏதோ அறுந்துபோயிருக்கிறது.

பெலிக்கன் பறவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பசித்த குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவை தன் மார்பைக் கொத்தி இரத்தம் ஊட்டும் என்று பழங்காலத்தில் நம்பினார்கள். உயிரியல்படி அது உண்மையல்ல. ஆயினும் இயேசுவின் தியாகத்துக்கு உருவகமாகக் கிறிஸ்தவக் கலை அதை நூற்றாண்டுக்கணக்கில் வரைந்து வந்திருக்கிறது. இந்தச் சின்னத்தைச் சூடியிருக்கும் நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறையாவது தன் வரவுசெலவைத் திறந்துவைத்து, இங்கே யார் யாருக்கு ஊட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வசதியுள்ளோரின் கட்டணத்திலிருந்து ஏழைப் பிள்ளைக்கு ஒரு பங்கு போகிறதா, அல்லது ஏழைகளின் பெயரைச் சொல்லித் திரட்டிய நன்கொடை புதிய கட்டடத்தின் பளிங்குத் தரையாகிறதா?

பணம் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு அதை ஆசிரியர் ஊதியத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் எனக்குத் தெரியும். தர்மத்தின் பெயரால் செய்யப்படும் அநீதி அது. ஆனால் வழிகள் இல்லாமல் இல்லை. சிகாகோ நகரில் புலம்பெயர்ந்தோர் வாழும் ஏழைப் பகுதியில் 1996இல் இயேசு சபையார் திறந்த கிறிஸ்தோ ரேய் பள்ளியில், ஒவ்வொரு மாணவரும் மாதத்தில் ஐந்து நாட்கள் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அந்த நிறுவனங்கள் செலுத்தும் தொகை கல்விச் செலவின் பெரும்பகுதியைச் சுமக்கிறது. பள்ளியின் பெயருக்குக் கிறிஸ்து அரசர் என்று பொருள். வெனிசுவேலாவின் கராகஸ் நகரின் மலைச்சரிவுக் குடிசைகளுக்கு நடுவே 1955இல் அருட்தந்தை ஹோசே மரியா வேலாஸ் பள்ளி தொடங்க இடம் தேடியபோது, ஆபிரகாம் ரெயெஸ் என்ற கொத்தனார், தானும் மனைவியும் பாடுபட்டுக் கட்டிய வீட்டையே கொடுத்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். தார்ச்சாலை முடியும் இடத்தில் எங்கள் வேலை தொடங்குகிறது என்பது அங்கே பிறந்த ஃபே இ அலெக்ரியா இயக்கத்தின் சொல். இன்று அது இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. கொத்தனாரிடம் ஒரு வீடு இருந்தது. நம்மிடம் என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுக்கத் தொடங்கினால் நாள் போதாது.

இனி, பலருக்கு வருத்தம் தரக்கூடிய ஒன்று. இத்தாலியில் சான் தொனாத்தோ என்னும் பங்கில் 1940களின் பிற்பகுதியில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த லோரென்ஸோ மிலானி, இளம் தொழிலாளிகளுக்காக ஒரு மக்கள் பள்ளி நடத்தினார். அரசியல் பகை கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. கோயில் பக்கமே வராத குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே படிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். இது எங்களுக்கான இடம் அல்ல என்று ஒருவரும் வாசலிலேயே திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, வகுப்பறைச் சுவரில் இருந்த சிலுவையை அவரே கழற்றி எடுத்துவிட்டார். பிறகு 1954இல், பார்பியானா என்னும் ஒதுக்குப்புற மலைக் குக்கிராமத்துக்கு அவரை மாற்றினார்கள். அங்கும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, உழவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது. ஆண்டின் எல்லா நாட்களும் நடந்த பள்ளி. பின்தங்கிய பிள்ளை புரிந்துகொள்ளும்வரை மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போகாத பள்ளி.

நீங்களும் சிலுவையைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது உயிரினும் மேலானது. அதன் கீழேதான் நான் எழுத்துக் கற்றேன். ஆனால் சிலுவை எதற்காக அங்கே இருக்கிறது என்று புரிந்த ஒருவரால்தான், ஒரு பிள்ளைக்காக அதைச் சுவரிலிருந்து எடுக்க முடிந்தது. கிறிஸ்தவக் கல்வி பற்றி, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கை, பொருள் வசதியற்றோர், குடும்பத்தின் அரவணைப்பு கிடைக்காதோர் ஆகியோருடன் விசுவாசம் என்னும் கொடையைப் பெறாதோரையும் சேர்த்தே, இவர்கள்மீது தனி அக்கறை வேண்டும் என்கிறது. ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டு அந்த அக்கறையை அளக்கச் சொல்லவில்லை. உதவி பெறும் பிள்ளையிடம் மத மாற்றத்தை நேராகவோ மறைமுகமாகவோ எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளையின் வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதாகும். பாதம் கழுவியவர் கழுவியதற்குக் கூலி கேட்கவில்லை.

தொழிற்பயிற்சி பற்றிச் சுருக்கமாக. இத்தாலியின் டுரின் நகரச் சிறைகளில் இளைஞர்களைக் கண்டு மனம் நொந்து, 1841இல் தெருப் பிள்ளைகளைக் கூட்டத் தொடங்கிய தொன் போஸ்கோ என்னும் குரு, அவர்களை வேலைக்கு அனுப்பியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பட்டறை முதலாளிகளுடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்தார். 1850களின் தொடக்கத்து ஒப்பந்தங்கள் சில இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன: பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது, திருநாட்களில் ஓய்வு தர வேண்டும். தச்சரின் மகனை ஆண்டவராக வணங்கும் நாம், பட்டறையைப் படிப்பு ஏறாதவர்களை ஒதுக்கும் இடமாக நடத்துவது எந்த வகையில் பொருந்தும்? பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணர வேண்டும் என்று 1884இல் அவர் ரோமிலிருந்து எழுதினார். கடைசி வரிசையில் இருப்பவனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவனுக்குத் தெரியும், நாம் அவனை நேசிக்கிறோமா சகித்துக்கொள்கிறோமா என்று.

இப்போது என் மனத்தில் முதன்மையாக இருப்பதற்கு வருகிறேன். மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்டத்து உவமை இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில், அக்காலக் கணக்கில் பதினோராம் மணி வேளையில், சந்தைவெளியில் நிற்பவர்களிடம் தோட்ட உரிமையாளர் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பது அவர்கள் பதில். இந்தப் பதிலை நான் வாழ்நாள் முழுவதும் கேட்டு வந்திருக்கிறேன். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன பிள்ளை, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்ட பெண், ஊர் ஊராக இடம்பெயரும் குடும்பத்தின் மகன், எல்லாரும் ஏதோ ஒரு வகையில் இதையே சொல்கிறார்கள். உவமையில் கடைசியில் வந்தவருக்கும் முழுக்கூலி கிடைக்கிறது. நம் சேர்க்கை விதிகளிலோ வயது கடந்தவருக்கு இடமில்லை, இடைவெளி விட்டவருக்கு இடமில்லை, நுழைவுத் தேர்வில் குறைந்தவருக்கு இடமில்லை.

உள்ளே வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. பொதுத்தேர்வு நெருங்கும்போது, தேறமாட்டான் என்று தோன்றும் மாணவனைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி அனுப்பிவிடுவதையும், பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். தேர்வு முடிவு வந்ததும் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பதாகை கட்டுகிறோம், நல்லாயன் படத்தோடு. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனவரின் படத்துக்குக் கீழே, அந்த ஒன்றை வெளியே அனுப்பிப் பெற்ற நூறு. நெரிந்த நாணலை முறிக்காதவர், மங்கி எரியும் திரியை அணைக்காதவர் என்று இறைவாக்கினர் எசாயா வருணித்தவரின் பெயரை அல்லவா நாம் பதாகையின் உச்சியில் எழுதுகிறோம்?

இது என் தனிக்கருத்து மட்டும் அல்ல. வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 1977இல் வெளியிட்ட ஆவணத்திலேயே, கத்தோலிக்கப் பள்ளி முழுவதுமாகவோ பெரும்பான்மையாகவோ வசதியுள்ளோர் பக்கமே திரும்பினால், அவர்களுடைய சலுகை நிலை நீடிப்பதற்கும் நீதியற்ற சமூகம் தொடர்வதற்கும் அது துணைபோனதாகும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் நூலகத்தில் அந்த ஆவணம் நிச்சயம் இருக்கும்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு நிறுவனமும் இடைநின்று திரும்பி வரும் பிள்ளைகளுக்காக ஓர் இணைப்பு வகுப்பை, நல்ல ஆசிரியர்களைக் கொண்டே, நடத்தட்டும். சேர்க்கை முடிந்ததும் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதோடு, எத்தனை பேரை எந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினோம் என்ற பட்டியலையும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கட்டும். ஆண்டின் நடுவில் வெளியேறிய ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும், என் வீட்டுக்கு அந்த அருட்சகோதரி வந்ததுபோல, யாராவது ஒருவர் போய்வரட்டும். கட்டணம் கட்டாத பிள்ளையின் பெயரை வகுப்பில் வாசிக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் நாளைக்கே நிற்கட்டும்.

இன்னொரு சிறு வேண்டுகோள். அன்று எங்கள் தலைமையாசிரியர் அறையில் அந்தப் படம் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்தது என்று சொன்னேன். எதிரே நின்று கேட்பவர்களால்தான் அதைப் பார்க்க முடிந்தது; மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முடிவு சொல்லும் எங்களால் முடியவில்லை. உங்கள் அறைகளிலும் அது அப்படி இருந்தால், வரும் சேர்க்கைக் காலத்துக்கு முன் அதைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டிவிடுங்கள்.

இறையன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்